பியூஸ் என் கைப்பையில்

தெட்சுரோவுக்கு,

நைட் டூட்டிக்குக் கிளம்புகிறேன். கால் இரண்டும் இப்போதே கெஞ்சுகின்றன. சோறு குக்கரில் இருக்கிறது, கானாங்கெளுத்தியைச் சுட்டு மூடி வைத்திருக்கிறேன். மிசோ சூப்பைக் கொதிக்க விடாதீர்கள்.

இரவல் வாங்கிப்போன வோல்ட் மீட்டரைத் திருப்பித் தர உங்கள் சிநேகிதர் ஓகுரா வருவார். வாசலோடு அனுப்பிவிடுங்கள். இரண்டு பேரும் சேர்ந்தால் நீங்கள் கட்டிக்கொண்டிருக்கும் அந்த ஹெட்போன் ஆம்ப்ளிஃபையரைத் திறக்காமல் இருக்க மாட்டீர்கள்.

திறந்தாலும் ஓடாது. பியூஸைக் கழற்றி எடுத்துப் போகிறேன், டப்பாவில் இருந்த மாற்று பியூஸ்களையும் சேர்த்துத்தான். முந்தாநாள் ஷாக் அடித்துச் சுவரோரம் விழுந்து கிடந்தபோது என்ன கேட்டீர்கள்? "பிளக்கைத்தான் பிடுங்கிட்டேனே, அப்புறம் எப்படி அடிச்சுது?" பிடுங்கினாலும் கண்டென்சருக்குள் அறுநூறு வோல்ட் உட்கார்ந்திருக்கும் என்று எனக்குப் பாடம் எடுத்ததே நீங்கள்தான்!

நான் வீட்டில் இருக்கும்போது ஓட்டிப் பாருங்கள். ஷாக் அடித்தால் தட்டிவிடத் துடைப்பக்கட்டையோடு பக்கத்தில் நிற்கிறேன்.

யாசுயோ

சூப்பில் வெங்காயத்தாள் போட மறந்துவிட்டேன். நறுக்கி ஃப்ரிட்ஜில் இருக்கிறது.

இன்னொன்று. "பகல்ல மனுஷி தூங்க வேணாமா, பாட்டை நிறுத்துங்க"ன்னு கத்தினது நான்தான். "உன் தூக்கத்துக்காகத்தான் இதையே கட்டுறேன்"னு நீங்கள் சொன்னதும் காதில் விழுந்தது. காலையில் நான் வந்து படுத்ததும் பழைய ஸ்பீக்கரிலேயே பாட்டைப் போடுங்கள். நேற்றுப் பகலெல்லாம் பாட்டில்லாமல் வீடே அடங்கிக் கிடந்தது. பொட்டுத் தூக்கமில்லை எனக்கு. நீங்கள் மூச்சு விடுகிறீர்களா என்று எழுந்து எழுந்து வந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.