பனியில் இருந்த பால் கேன்கள்

என்னவளே,

நேரில் சொல்ல நாக்கு எழவில்லை, எழுதுகிறேன்.

ஜனவரியில் மினியாபொலிஸ் ஆஸ்பத்திரிக்குப் போகுமுன், காலி பிளாஸ்டிக் பால் கேன்களை அறுத்து மண் நிரப்பி, கொலம்பைன் பூ விதைத்து, முற்றத்துப் பனியில் வைத்துவிட்டுப் போனாய். பிப்ரவரியில் மைனஸ் முப்பது. எனக்கு மனசு கேட்கவில்லை. பன்னிரண்டு கேனையும் உள்ளே தூக்கிவந்து ஹீட்டரை ஒட்டி வைத்தேன்.

மே வந்துவிட்டது. வெறும் மண்தான் இருக்கிறது.

எதிர்வீட்டு லோர்னா பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "என்ன மனுஷன்யா நீ! குளிர் பட்டாத்தான் அது முளைக்கும். போர்வை மட்டுந்தான் போத்தல போல!" என்று சிரித்தவள், என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள்.

ஆஸ்பத்திரிக்கு நான் வரும்போதெல்லாம் "முளைச்சிடுச்சா?" என்று கேட்டாய். விரலளவு வளர்ந்திருக்கிறது என்றேன். "அடுத்த வருஷந்தான் பூக்கும். நீ பாத்துக்கோ" என்றாய்.

சனிக்கிழமை உன்னை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். இனி வலிக்கு மட்டும் மருந்து போதுமாம். தோட்டம் தெரிகிற ஜன்னலோரம் கட்டில் போடவேண்டும் என்று நர்ஸிடம் சொன்னாயாம். போட்டேன். முளை எங்கே என்று தேடுவாயே என்று பிறகு தெருப்பக்கம் இழுத்தேன். காலையிலிருந்து மூன்று தடவை மாற்றிவிட்டேன்.

எங்கே போடட்டும்? நீயே சொல்.

இப்படிக்கு,
குளிருக்குப் பயந்தவன்