ஸ்டியரிங்கை வலப்பக்கம் மாற்றிவிட்டோம், மாப்ள

என் அன்பு மாப்ள கதிருக்கு,

உன் காரின் ஸ்டியரிங்கை வலப்பக்கம் மாற்றியாகிவிட்டது. நீ இருந்தால் என் சட்டையைப் பிடித்திருப்பாய். “யாரக் கேட்டுடா அதுமேல கைய வச்ச?” என்று காளவாசல் சிக்னல் வரை கேட்கும்படி கத்தியிருப்பாய். நீ போய்ப் பதினோரு மாதம் முடிந்துவிட்டது.

தங்கை புருஷனை ‘வாங்க, போங்க’ என்றுதான் கூப்பிட வேண்டும். கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்த உன்னை நான் அப்படிக் கூப்பிட்டது கல்யாண மண்டபத்தில் மட்டும்தான். அதுவும் பெரியவர்கள் பக்கத்தில் நின்றதால். இப்போதும் ‘நீ’ என்றுதான் எழுத வருகிறது, கோபித்துக்கொள்ளாதே.

கொடைக்கானல் பங்களா ஒன்றிலிருந்து நீ அதை ஓட்டி வந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? எந்தக் காலத்திலோ ஒரு வெளிநாட்டுக்காரர் விட்டுப்போன பச்சை ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே சீட்டு, மேலே கூரை கிடையாது, ஸ்டியரிங் இடப்பக்கம். பேட்டரிக் கடைக்காரனுக்கு இது எதற்கு என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். சிரித்தவர்களை எல்லாம் ஆளுக்கொரு ரவுண்டு கூட்டிப்போய்த்தான் விட்டாய்.

நம் ஊர் ரோட்டில் இடப்பக்கம் உட்கார்ந்து ஓட்டுகிறவனுக்கு, முன்னால் போகிற லாரியின் முதுகு மட்டும்தான் தெரியும். எதிரே வருவது வலப்பக்கம் உட்கார்ந்திருப்பவன் கண்ணுக்குத்தான் படும். அதனால் நாம் ஒரு பழக்கம் வைத்திருந்தோம். “என்ன மச்சான்?” என்பாய். நான் தலையை நீட்டிப் பார்த்து “இரு” என்பேன், இல்லையென்றால் “போ” என்பேன். அதற்குமேல் ஒரு வார்த்தை நீ கேட்டதில்லை. ஒருமுறை போலீஸ்காரர் ஒருவர் கையைக் காட்டி நிறுத்தி, நேராக என்னிடம் வந்து லைசென்ஸ் கேட்டார். என் முன்னால் ஸ்டியரிங் இல்லாததைப் பார்த்து அவர் முழித்த முழியை நினைத்து நாகமலை வரை சிரித்துக்கொண்டே வந்தோம்.

மாற்றிவிடலாம் என்று நான் சொல்லாமலா இருந்தேன்? “அறுத்து ஒட்டணும் மச்சான். இம்புட்டு வருசம் முழுசா இருந்த வண்டிய நான் கூறு போட மாட்டேன்” என்பாய். பிறகு என் தொடையில் ஒரு தட்டுத் தட்டி, “நீ அந்தப் பக்கம் இருக்கயில எனக்கு எதுக்குடா வலது?” என்பாய். அந்தப் பேச்சு எனக்குப் பெருமையாக இருந்தது. அதனால் நானும் விட்டுவிட்டேன்.

அன்றைக்கு நடந்தது போன வாரம் வரை உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரிந்திருந்தது. வாடிப்பட்டியில் இருந்து சோழவந்தான் ரோட்டில் போய்க்கொண்டிருந்தோம். முன்னால் ஒரு செங்கல் லாரி. திறந்த கார் என்பதால் சிவப்புத் தூசி முழுக்க நம் மூஞ்சியில். “என்ன மச்சான்?” என்றாய். எட்டிப் பார்த்தேன். எதிரே டவுன் பஸ் வந்தது. அதைப் பார்க்கவில்லை என்று சொல்லமாட்டேன், நன்றாகவே பார்த்தேன். நடுவில் ஒரு ஸ்டாப் இருக்கிறது, அங்கே எப்போதும் நிற்கும் பஸ்தானே, அதற்குள் தாண்டிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். “போ” என்றேன்.

அன்றைக்கு அந்த ஸ்டாப்பில் ஏறவும் இறங்கவும் ஆளில்லை. பஸ் நிற்காமல் வந்தது.

நீ பிரேக்கை மிதித்து, திரும்ப லாரிக்குப் பின்னால் ஒடித்தாய். உன் பக்கம்தான் லாரியின் இரும்புச் சட்டத்தில் போய் மோதியது. என் பக்கத்துக் கதவில் ஒரு கீறல்கூட இல்லை. போலீஸ் கேட்டபோது எனக்கு எதுவும் ஞாபகமில்லை என்றேன். என் தங்கை செல்வி கேட்டபோதும் அதையேதான் சொன்னேன்.

இந்தப் பொய்யால் உனக்கு என்ன ஆனது தெரியுமா? கண்மண் தெரியாமல் ஓட்டிச் செத்தவன் என்று பேர் வாங்கிவிட்டாய். செல்வி உன்னைத் திட்டாத நாள் இல்லை. “பொண்டாட்டி புள்ளய நெனச்சா அப்படி ஓட்டுவாரா? நாங்க எக்கேடு கெட்டா அவருக்கென்ன?” என்று உங்கள் மகள் யாழினியின் முன்னாலேயே சொல்வாள். நான் அங்கே உட்கார்ந்து அவள் தந்த காப்பியைக் குடித்திருக்கிறேன். எத்தனை தடவை குடித்தேன் என்று கேட்காதே.

மாற்றச் சொன்னதும் அவள்தான். “அத யாருக்காச்சும் குடுத்துருண்ணே. ஆனா இப்படியே குடுக்காத. இன்னொருத்தி வீட்டுக்காரன் அந்தப் பக்கம் உக்காந்து சாக வேணாம்” என்றாள். பைபாஸ் ரோட்டில் பட்டறை வைத்திருக்கும் செபாஸ்டின் அண்ணனிடம் கொண்டுபோய் விட்டேன். நசுங்கிய பக்கத்தை எடுத்துக் கட்டிவிட்டு, வலப்பக்கத்துக் கார்ப்பெட்டைக் கிழித்தவர் என்னைக் கூப்பிட்டார்.

“தம்பி, இங்க வந்து பாரு. கம்பெனிக்காரனே ரெண்டு பக்கத்துக்கும் ஓட்ட போட்டுத்தேன் அனுப்பியிருக்கான். இந்தத் தகட்டுல நாலு போல்ட்டக் கழட்டுனா ஸ்டியரிங் ராடு நேரா உள்ள போயிரும். அறுக்கிற வேலையே இல்ல. இதுக்கா இம்புட்டு நாளு பயந்தீக?”

அந்தத் தகட்டைத் தடவிப் பார்த்தேன். ஆறு வருஷம் அந்தக் கார்ப்பெட்டின் மேல்தான் என் கால் இருந்தது. ஒரு நாளாவது தூக்கிப் பார்த்திருக்கலாமே, மாப்ள?

வேலை ஒரு மாதத்துக்குள் முடிந்தது. பெடல்களை இந்தப் பக்கம் கொண்டுவந்தார். மீட்டர்கள் இருந்த இடத்துக்கு டேஷ்போர்டு டப்பா போனது. வைப்பரைத் திருப்பினார். ஹெட்லைட் எதிரே வருகிறவன் கண்ணில் அடித்துக்கொண்டிருந்ததாம், அதையும் மாற்றினார். ஆர்.டி.ஓ. ஆபீஸில் அனுமதி வாங்கி ஆர்.சி.யிலும் பதிந்தாகிவிட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஓட்டிப் பார்க்கக் கிளம்பினேன். “நானும் வாரேன்” என்று செல்வி வந்து நின்றாள். நீ இருந்த வரை ஒரு நாளும் அதில் ஏறாதவள். இடப்பக்கம், நீ உட்கார்ந்த பக்கம், ஏறி உட்கார்ந்தாள். “அந்த ரோட்டுக்கே போ” என்றாள். வண்டியை அந்தப் பக்கம் திருப்பினேன்.

வாடிப்பட்டி தாண்டியதும் முன்னால் ஒரு தேங்காய் லோடு லாரி மாட்டிக்கொண்டது. செல்வி இப்படிச் சாய்ந்தாள், அப்படிச் சாய்ந்தாள். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“இங்கிட்டு இருந்து பாத்தா ஒண்ணுமே தெரியலயேண்ணே. அவரு எப்படி ஓவர்டேக் எடுத்தாரு?”

நான் கியரைக் குறைத்தேன்.

“யாராச்சும் பாத்துச் சொல்லணும்ல?”

“ஆமா. நாந்தேன் சொல்லுவேன்.”

“அன்னைக்கு?”

“அன்னைக்கும் நாந்தேன் செல்வி ‘போ’ன்னேன். பஸ்ஸு ஸ்டாப்புல நிக்கும்னு நெனச்சுட்டேன்.”

அவள் லாரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் முந்தவில்லை. சோழவந்தான் வரை அதன் பின்னாலேயே போய்த் திரும்பினோம். வீட்டு வாசலில் இறங்கியபோதுதான் வாயைத் திறந்தாள்.

“பதினோரு மாசம் அவரத் திட்டிக்கிட்டே கெடந்தேன். ஆத்திரத்துல ஒரு நா ஒழுங்கா அழக்கூட இல்லண்ணே. நீ பாத்துக்கிட்டுத்தான இருந்த?”

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் வாசலில் நின்றேன். கொஞ்ச நேரத்தில் அழுகைச் சத்தம் கேட்டது. நீ செத்த அன்றுகூட அவள் அப்படி அழவில்லை, மாப்ள. உன் பேரைச் சொல்லி அழுதாள். யாழினி பயந்துபோய் “அம்மா, அம்மா” என்று கூப்பிடுவதும் கேட்டது. கதவைத் தட்ட எனக்குத் தைரியம் வரவில்லை.

அதற்குப் பிறகு செல்வி என் போனை எடுப்பதில்லை. எடுக்கவும் வேண்டாம். உன்னோடு சேர்ந்து செத்திருக்கலாம் என்று சில நாள் தோன்றுகிறது. அப்படிச் செத்திருந்தால் உன் பேரைக் காப்பாற்றவும் ஆள் இருந்திருக்காது என்றும் தோன்றுகிறது.

இதை அச்சில் போடக் கொடுக்கிறேன். ஆனால் நம் சொந்தக்காரர்களில் படிக்கிறவர்கள் எத்தனை பேர்? அதனால் உன் முதல் வருஷத் திதி அன்றைக்கு, என்னைக் கூப்பிடாவிட்டாலும் வருவேன். சாப்பாட்டுக்கு உட்காரும் முன் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, யாழினியின் காதில் விழுகிற மாதிரி, “போ என்று சொன்னவன் நான், கதிர் என்னை நம்பித்தான் போனான்” என்று சொல்வேன். அதன் பிறகு செல்வி எனக்கு இலை போட்டால் உட்காருவேன். போடாவிட்டால் பேசாமல் வீட்டுக்குப் போய்விடுவேன். இது உன்மேல் சத்தியம்.

உன் வலப்பக்கம் உட்கார்ந்திருந்த மச்சான்,
செல்வியின் அண்ணன்
முருகேசன்