ரெண்டு காப்பும் வலது கைக்கு

என்னைக் 'குண்டுப்பிள்ளை' என்று கொஞ்சிய அம்மாவுக்கு,

அது சதை இல்லையாம் அம்மா. வீக்கமாம்!

உனக்கு நினைவிருக்கிறதா? நாங்கள் சொந்த வீட்டுக்குக் குடிவந்த வருஷம், என் கண்ணாடி வளையல் விரல் முட்டியைத் தாண்டாமல் உடைந்தது. நீ என் கையைத் தடவிப் பார்த்துப் பூரித்துப்போனாய். "ஏட்டி, வீடு உனக்கு ராசியாயிட்டுல்லா! கையைப் பாரு, புசுபுசுன்னு." தெரு முழுக்கச் சொல்லிவிட்டு, எனக்குத் திருஷ்டி வேறு சுற்றிப்போட்டாய். காலையில் டம்ளரைப் பிடிக்க முடியவில்லை என்றபோது, கோயில் புற்றுமண்ணைக் குழைத்துப் பூசினாய். குளுகுளுவென்றுதான் இருந்தது. மண்ணாலா, உன் கை பட்டதாலா, யார் கண்டது?

நீ கண்ணை மூடிய பிறகுதான் திருநெல்வேலியில் ஒரு டாக்டரம்மா பெயர் சொன்னார்: முடக்குவாதம். உடம்பைக் காவல் காக்கிற சக்தியே ஆள் தெரியாமல் நம் மூட்டுகளைத் தாக்குகிறதாம். வீட்டு நாயே நம்மைக் கடித்தால் எப்படி! "வலிக்கு மட்டும் மாத்திரை போட்டா பத்தாதும்மா, மூட்டை அரிச்சிரும்" என்றார். முக்கியமான மாத்திரை வாரத்தில் ஒரே நாள்தான். தப்பித்தவறித் தினமும் போட்டால் வினை. எனக்குத் திங்கள்கிழமை. இடையிடையே ரத்தப் பரிசோதனை உண்டு. காலையில் வெந்நீரில் கை வைத்து விரல்களை மடக்கி நீட்ட வேண்டும். பலன் தெரிய மாதக்கணக்கு ஆகுமாம். எனக்கா பொறுமை? நான் உன் மகளாயிற்றே.

அதற்குள் தம்பி மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. நீ எனக்கென்று விட்டுப்போன தங்கக் காப்பு ஜோடியைப் போட்டுக்கொண்டுதான் மேடை ஏறுவேன் என்று எனக்கு ஒரே பிடிவாதம். தம்பி பெண்டாட்டி நல்ல மனசோடுதான் சொன்னாள்: "மதினி, ஆசாரிகிட்ட குடுத்து வெட்டிப் பெருசாக்கிருவோமே."

எனக்கு வந்ததே கோபம்! "காப்புல கை வைக்காத. நான் வீக்கத்த எறக்குதேன், பாரு" என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, உள்ளுக்குள் பயம்தான். வெட்டி ஒட்டினால் அது உன் காப்பாகவா இருக்கும்?

அவ்வப்போது போட்டுப் பார்ப்பேன். முட்டியில் நின்றுவிடும். கல்யாணத்துக்கு முந்தின வாரம், எண்ணெய்கூடத் தடவாமல் வலது கையில் சர்ரென்று ஏறியது! அழுதுவிட்டேன் அம்மா. என் வீட்டுக்காரர் உடனே வைத்தியராகிவிட்டார். "அதான் ஏறிட்டுல்லா, இனி மாத்திரை எதுக்கு?"

"மாத்திரை போட்டதாலதான் ஏறுச்சு. டாக்டரம்மா சொல்லாம நிறுத்த மாட்டேன்."

இடது கை மட்டும் வழிக்கு வரவில்லை. மருந்து தொடங்கும் முன்பே கட்டைவிரல் முட்டி கோணிவிட்டது. அது இனி நிமிராதாம். என்ன செய்ய? ரெண்டு காப்பையும் வலது கையிலேயே போட்டுக்கொண்டு மேடை ஏறினேன்.

"என்ன மதினி, ஒத்தக் கையிலயா?"

"ஆமா. இப்பதான் சத்தம் நல்லா கேக்கு."

நிஜம்தான் அம்மா. கைக்கு ஒன்றாக நீ போட்டிருந்த காலமெல்லாம் இந்தக் காப்புகள் ஒரு சத்தம் போட்டதுண்டா? நான் அட்சதை தூவியபோது கலகலவென்று பேசின. மணப்பெண்ணே திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

திங்கள்கிழமையை மறக்க மாட்டேன். காப்பை எந்த ஆசாரியிடமும் கொடுக்க மாட்டேன். இது சத்தியம்.

வலது கை குலுங்க,
சதை போடாத உன் குண்டுப்பிள்ளை