முதுகில் கரை வைத்த சட்டை

நான் அப்போதே சொன்னேன் மாஸ்டர். ஒரு நாள் மாப்பிள்ளைகள் ஜரிகைக் கரையைத் தோளில் சுமந்துகொண்டு மேடை ஏறுவார்கள், மண்டபமே கை தட்டும் என்று பிள்ளையார்பாளையம் முழுக்கச் சொல்லித் திரிந்தவன் நான் ஒருவன்தான். நேற்று அது நடந்துவிட்டது.

என் தங்கை மகனுக்கு வரவேற்பு. பையன் அரக்குப் பட்டில் ஒரு கோட் போட்டு வந்தான். இடது தோளில் தொடங்கிக் கீழ்விளிம்பு வரைக்கும் ஒரே பக்கமாகக் கரை இறங்குகிறது. மறுபக்கம் ஒன்றும் இல்லை. காலைத் தொட்டுக் கும்பிடக் குனிந்தபோது புதுப் பட்டின் கஞ்சி வாசனையும் இஸ்திரிச் சூடும் சேர்ந்து வந்தது. உன் தையல் கடை வாசனை. நீ போனதற்கு அப்புறம் அதை நான் முகர்ந்ததே இல்லை. காலில் வீக்கம், அதனால் உட்கார்ந்துவிட்டேன் என்று எல்லோரிடமும் சொன்னேன்.

இந்தக் காலத்து ஆண்கள் உடுப்பைப் பற்றி என் அபிப்பிராயத்தை அங்கே யாரும் கேட்கவில்லை. உனக்குச் சொல்கிறேன். தோள் தையல் முழங்கையை நோக்கி இறங்கிவிட்டது. பேன்ட் கணுக்காலுக்கு மேலேயே நின்றுவிட்டது. சட்டைக்கு மேல் இன்னொரு சட்டை, அதற்குப் பொத்தான் கிடையாது. நான் குறை சொல்லவில்லை. ஒருவன் கட்டி வந்த ரோஸ் நிற வேட்டிகூட நன்றாகத்தான் இருந்தது. எனக்கு அலுப்புத் தட்டியது வேறு விஷயம். மாப்பிள்ளைத் தோழர்கள் எல்லோரும் ஒரே பச்சையில், ஒரே வெட்டில் வரிசையாக நின்றார்கள். கேட்டால் புதுமையாம். புதுசாக ஒன்றைப் போடுகிறவன் கொஞ்ச நேரமாவது தனியாக நிற்க வேண்டாமா? கூட்டமாகப் போட்டால் அது யூனிஃபார்ம்தானே? தனியாக நிற்பது எப்படி இருக்கும் என்று உன்னைத்தான் கேட்க வேண்டும்.

உனக்கு ஞாபகம் இருக்கும். பழுது என்று தறிக்காரர்கள் ஒதுக்கிய அரக்குப் பட்டை வாங்கி வந்து உனக்கே ஒரு அரைக்கைச் சட்டை தைத்தாய். முதுகில் குறுக்காகக் கரை. இந்த ஊர் ஆண்கள் நாள் முழுக்க மயில்கழுத்தும் மாம்பழ மஞ்சளும் நெய்வார்கள். தெருவில் இறங்கும்போது வெள்ளைச் சட்டை. நீ கத்தரியைக் கீழே வைக்காமல் கேட்பாய், "ஏம்பா, கரையெல்லாம் பொம்பளைங்களுக்கும் பெருமாளுக்கும்தானா? நடுவுல நாம இன்னா பாவம் பண்ணோம்?"

வைகாசி கருட சேவைக்கு அதைப் போட்டுக்கொண்டு என்னோடு சின்ன காஞ்சிபுரம் வந்தாய். ஒரு லட்சம் பேர் நின்றிருந்தார்கள். சரி, லட்சம் இல்லை, அந்தத் தெரு நிறைய. பெருமாள் வருவதற்குள் அவர்கள் உன்னைப் பார்த்துவிட்டார்கள். நமக்குத் தெரிந்த தறிக்காரர் ஒருவர்தான் ஆரம்பித்தார். "இன்னா மாஸ்டர், ஊட்டுக்காரம்மா புடவையத் தேடிக்கினு இருப்பாங்கபா. போய்க் குடுத்துட்டு வா." சிரிப்பு தெருக்கோடி வரை போனது. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நான் அவரை நாலு கேள்வி கேட்டேன். மேளச் சத்தத்தில் அவருக்குக் கேட்டிருக்காது.

கடைக்குத் திரும்பியதும் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினாய். "நாளைக்கு இத்தப் பிரிச்சித் தலகாணி உறை தச்சிடறேன். இனிமே எனக்கு ஸ்கூல் யூனிபாரம் தச்சாப் போதும்பா" என்றாய். அப்படி ஒரு குரலில் நீ அதற்கு முன்னால் பேசியதில்லை.

மறுநாள் என்னைக் கடையில் உட்கார வைத்துவிட்டுப் பொத்தான் வாங்கப் போனாய். அப்போதுதான் அந்தக் கறுப்புக் கார் வந்து நின்றது. மதராஸ்காரர். கூலிங்கிளாஸ், கையில் தங்கச் சங்கிலி. ஆணியில் தொங்கிய சட்டையை விட்டு அவர் கண்ணை எடுக்கவில்லை. முதுகைத் திருப்பிப் பார்த்தார். கரையைத் தடவினார். இதை வெட்டியது லேசுப்பட்ட கை இல்லை, பிரிக்க வேண்டாம் என்று சொல், நான் மறுபடி வருகிறேன் என்றார். நீ வந்ததும் ஒரு வார்த்தை விடாமல் ஒப்பித்தேன். நீ கேட்டது ஒன்றுதான்.

"முதுகத் திருப்பிப் பாத்தாராபா?"

பார்த்தார் என்றேன்.

நீ அதைப் பிரிக்கவில்லை. யூனிஃபார்ம் தைத்த நேரம் போகப் பழுதுப் பட்டில் வெட்டிக்கொண்டே இருந்தாய். காலர் இல்லாமல் ஒன்று, ஒரு கைக்கு மட்டும் கரை வைத்து ஒன்று. பட்டு கிடைக்காதபோது ஒன்றைப் பிரித்து அடுத்ததைத் தைப்பாய். அரக்குச் சட்டையை மட்டும் தொட மாட்டாய். தெருவில் கார் சத்தம் கேட்டால் உன் மிஷின் நின்றுவிடும். நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன்.

நீ போன அன்று உன் வீட்டம்மா அந்தச் சட்டையைத்தான் உனக்குப் போட்டுவிட்டார். தெரு முழுக்க வந்திருந்தது. யாரும் சிரிக்கவில்லை.

நேற்று அந்தக் கோட்டை வடிவமைத்த பையனைப் பிடித்து இவ்வளவும் சொன்னேன். சென்னைப் பையன், தாடி, ஒரு காதில் மட்டும் கம்மல். மரியாதையாகத்தான் கேட்டுக்கொண்டான். "அந்த ஷர்ட் போட்டோ எதனா இருக்குதா அங்கிள்?" என்றான். இல்லை. என் தங்கை பின்னாலிருந்து, "எங்க அண்ணன் பேச்ச நம்பாதப்பா, ராக்கெட்டு உட்டதே நான்தான்னு சொல்லும்" என்றாள். பையனும் சிரித்தான். மதராஸ்காரர் பார்த்தாரே என்றேன். அவர் பேர் என்ன என்று கேட்டான்.

எப்போதும் போல நாலைந்து பெயர்கள் வாய்க்கு வந்தன. ஒன்றையும் சொல்ல மனம் வரவில்லை. அலுத்துவிட்டது மாஸ்டர். நான் அளந்த அத்தனை கதைகளுக்கு நடுவில் உன் சட்டை ஒன்றுதான் நிஜம். என் வாயிலிருந்து வருவதால் அதையும் யாரும் நம்பவில்லை. அதில் ஓடுகிற பொய் இழையை மட்டும் உருவிவிடுகிறேன்.

கார் வரவில்லை. அன்று கடைக்கு வந்தவர் ஒருவர்தான், சைக்கிளில், பக்கத்துக் கூரம் கிராமத்துக்கு வழி கேட்டுக்கொண்டு. அவர் சட்டைப் பக்கம் திரும்பவே இல்லை. நீ வருகிற வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்து, எழுந்து போய் முதுகைத் திருப்பிப் பார்த்தவன் நான்.