படுத்துப்போக ஒரு சீட்டு

மாப்ள,

வெள்ளிக்கிழமை அச்சகத்திலிருந்து கட்டு வந்தது. சணல் கயிற்றை அறுத்துப் பிரித்ததும் ஈரம் காயாத மையின் வாடை. ஒரு புத்தகத்துக்கு நூறு சீட்டு. இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் மலையாளம். 'இச்சீட்டைக் கொண்டுவரும் நோயாளி, வாகனத்தில் படுத்த நிலையில் இரண்டு எல்லைச் சாவடிகளையும் தடையின்றிக் கடந்து செல்லலாம்.' உன் வாசகம்தான். 'நம் நோயாளி' என்று நீ சொன்னதில் 'நம்' மட்டும் இல்லை. யாருடைய நோயாளி என்ற கேள்வி வரும் என்று இரண்டு மாநிலத்துப் பெரியவர்களும் சேர்ந்து அடித்துவிட்டார்கள். பேச்சே இல்லாமல் அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அது.

ஆபீஸில் எல்லோரும் ஆளுக்கொரு சீட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு அவரவர் நாற்காலிக்குப் போய்விட்டார்கள். இதைக் காட்டுவதற்கு எனக்கு இருந்த ஒரே ஆள் நீ. நீ செத்து ஒன்றேகால் வருஷம் ஆகிறது.

உத்தமபாளையத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தோம். நான் சுகாதாரத் துறையில் தற்காலிகக் குமாஸ்தா ஆனேன். நீ மலைக்கு மேலே, கேரளத்து ஏலத்தோட்டம் ஒன்றில் கம்பவுண்டர் ஆனாய். ஞாயிற்றுக்கிழமைகளில் கம்பத்துக்கு இறங்கி வருவாய். நான் டீயைக் கையில் வைத்துக்கொண்டு அரசாங்கத்தைத் திட்டுவேன், முதலாளிகளைத் திட்டுவேன், இரண்டையும் பொறுத்துக்கொண்டிருக்கும் ஜனங்களையும் திட்டுவேன். நீ கடைசிவரை கேட்டுவிட்டு, "முடிச்சிட்டியா? அந்த டீய இனி மாடுகூடக் குடிக்காது, வேற சொல்லு" என்பாய்.

காலரா வந்த வருஷம்தான் அந்த உத்தரவும் வந்தது. நோய் கண்ட எவரும் டாக்டர் கடிதம் இல்லாமல் எல்லையைத் தாண்டக் கூடாது. மலைமேல் கேரளத்துச் சாவடி அவர்களுடைய டாக்டரின் கடிதத்தைக் கேட்டது. கீழ்ச் சாவடி நம்முடைய டாக்டரின் கடிதத்தைக் கேட்டது. நம்முடைய டாக்டர் கம்பத்தில் இருந்தார். அவரிடம் கடிதம் வாங்க வேண்டுமென்றால் நோயாளி முதலில் சாவடியைத் தாண்டியிருக்க வேண்டும். இதை எழுதியவர்கள் முட்டாள்கள் இல்லை. காய்ச்சலோடு ஜீப்பில் வரவேண்டிய தேவை அவர்களுக்கு எந்தக் காலத்திலும் இல்லை, அவ்வளவுதான். காலரா ஓய்ந்தது. உத்தரவு ஓயவில்லை.

அதற்கு ஏலக்காய் எடுக்கப் போகும் பெண்கள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். நீ சொல்லி நான் நம்பவில்லை. ஒரு ஞாயிறு உன்னோடு மேலிருந்து இறங்கியபோது கண்ணால் பார்த்தேன். வருசநாட்டுக்காரப் பெண் ஒருத்திக்கு நிற்க முடியாத காய்ச்சல். அவளை ஜீப்பில் இரண்டு பேருக்கு நடுவில் செருகி நிமிர்த்தி உட்காரவைத்தார்கள். மடியில் ஒரு கூடை. உதடு வெளுத்தது தெரியாமலிருக்க வாயில் வெற்றிலை. நீ எதிரில் குனிந்து உட்கார்ந்து பாடம் சொல்லிக்கொண்டு வந்தாய்.

"யக்கா, கண்ண மட்டும் மூடிராத. பேரு கேட்டா பேரச் சொல்லு. சிரிக்க வேணாம், சிரிச்சா இங்கன எவனும் நம்ப மாட்டான்."

அந்த நிலைமையிலும் அவள் சிரித்துவிட்டாள். இரண்டு சாவடிகளிலும் நல்லாருக்கேன், நல்லாருக்கேன் என்று சொன்னாள். இரண்டாவது சாவடி மறைந்ததும் ஜீப்பில் இருந்த அத்தனை பேரும் காலை மடக்கிக்கொண்டு அவளுக்குத் தரையில் இடம் விட்டார்கள். யாரும் யாருக்கும் சொல்லவில்லை. பழகிய கை காரியம் செய்வதுபோல நடந்தது.

பிறகு கூட்டுக் கூட்டம் கூட்டினார்கள். இரண்டு மாநிலத்து அதிகாரிகள், தோட்ட முதலாளிகள் சார்பில் ஒருவர், ஜீப் உரிமையாளர்கள் சார்பில் ஒருவர், எல்லோரும் ஒரு தோட்டத்துப் பங்களாவில். நடவடிக்கைக் குறிப்பு எழுத நான். மருந்துப் பட்டியலைச் சுமந்துகொண்டு உன் முதலாளிக்குப் பின்னால் நீ. உனக்கு நாற்காலி போடவில்லை. மத்தியானச் சாப்பாடு வரைக்கும் எந்த மொழியில் பேசுவது என்று பேசினார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு, நோயாளிகள் படுத்து வரட்டுமே என்று யாரோ சொன்னதற்கு ஜீப்காரர் கையைத் தூக்கினார்.

"ஒரு ஆளு படுத்தா அஞ்சு ஆளு எடம் போகும்யா. நாங்க ஜீப்பு ஓட்டுறதா, தொட்டில் ஆட்டுறதா?"

நீ பின்னாலிருந்து, "அண்ணே, ஒங்க ஜீப்புல ஏலக்கா மூடை படுத்துத்தான வருது? அது எந்திரிச்சு உக்காந்தா வருது?" என்றாய்.

முதலில் சிரித்தது தோட்டக்காரர். பிறகு எல்லோரும். நீ சிரிக்கவில்லை. "உக்காந்துக்கிட்டே சாகுறாக சார்" என்றாய்.

ஒரே மத்தியானத்தில் முடிந்தது. தோட்டக்காரர்கள் நீ சொன்ன வாசகத்தில் சீட்டு அச்சடிக்க வேண்டும். கம்பவுண்டர் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு சாவடிகளும் அதை ஏற்க வேண்டும். ஜீப்காரர்கள் ஒரு பக்கத்து உட்காரும் பலகையைக் கழற்ற வேண்டும். பல வருஷம் கிடந்த அநியாயத்தைத் தீர்க்க நாலு தரப்பும் ஒரு மேஜையில் உட்கார்ந்தால் போதும் என்று தெரிந்ததில் எனக்கு சந்தோஷத்தைவிடக் கோபம்தான் வந்தது. அப்படியென்றால் இத்தனை நாள் ஏன் உட்காரவில்லை?

குறிப்பில் இரண்டு மாநிலமும் கையெழுத்திட வேண்டும். மலையாளப் பிரதியில் நாம் முதலில் கையெழுத்திட்டால் பிறகு தாங்கள் இடுவதாக அவர்கள் சொன்னார்கள். தமிழ்ப் பிரதியில் அவர்கள் முதலில் இடட்டும் என்று எங்கள் ஆபீஸ் சொன்னது. கோப்பு மலை ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது.

அந்த நாட்களில் ஒரு ஞாயிறு நீ கேட்டாய். "மாப்ள, கையெழுத்து வர்ற வரைக்கும் நீயே ஒரு தாள்ல எழுதி ஆபீஸ் சீல் ஒண்ணு போட்டுக் குடுடா. சாவடியில காட்டிப் பாப்பேன். கிழிச்சா கிழிக்கட்டும்."

செல்லாது என்றேன். முறைப்படி வரவேண்டும் என்றேன். கூட்டத்தில் எடுத்த முடிவுக்கே கெட்ட பெயர் வரும் என்றேன். எல்லாம் பொய். என் வேலை நிரந்தரம் ஆகவில்லை. அந்தப் பயம் ஒன்றுதான் காரணம். உனக்கும் தெரிந்திருக்கும். நீ என்னைக் கூர்ந்து பார்த்துவிட்டு, "சரி விடு, ஒன் நெலமையும் அப்பிடி" என்று சொல்லி எழுந்து போனாய். ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம்.

ஐப்பசி மழையில் உனக்கு வயிற்று வலி வந்தது. நீயே மாத்திரை போட்டுக்கொண்டு இரண்டு நாள் கிடந்திருக்கிறாய். மூன்றாம் நாள் ஜீப்பில் ஏற்றினார்கள். மற்றதெல்லாம் டிரைவர் செல்லையா சொல்லித்தான் எனக்குத் தெரியும். கடிதம் இல்லாததால், மற்றவர்களுக்கு நீ சொல்லிக்கொடுத்தபடியே நடுவில் நிமிர்ந்து உட்கார்ந்தாயாம். வெற்றிலையும் போட்டுக்கொண்டாயாம். மேல் சாவடியில் எங்கே போகிறாய் என்று கேட்டதற்கு, "கல்யாணத்துக்கு" என்றாயாம். கீழ்ச் சாவடியில் முன்னால் நின்ற லாரிகளைச் சோதித்து முடிக்க வெகுநேரம் ஆனதாம். அத்தனை நேரமும் கூடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாயாம். சாவடி தாண்டியதும் எல்லோரும் காலை மடக்கி இடம் விட்டார்கள். நீ படுக்கவில்லை, சரிந்தாய்.

குடல்வால் உள்ளேயே வெடித்திருந்தது. படுக்கவைத்து, நிறுத்தாமல் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பானா என்று டாக்டரைக் கேட்டேன். "சொல்ல முடியாது தம்பி" என்றார். நல்ல மனுஷர். ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தூக்கம் வந்திருக்கும்.

உன் சாவுக்குப் பிறகு இரண்டு கையெழுத்தும் பத்து நாளில் வந்துவிட்டன. அச்சடிக்கத்தான் ஒரு வருஷம் ஓடியது. மேலே எந்த மாநிலத்து முத்திரை என்பதில் முட்டிக்கொண்டு நின்றது. கடைசியில் எந்த முத்திரையும் வேண்டாம் என்று வெறுமையாக விட்டார்கள். நடுவில் ஒரு விழாவில் பெரிய அதிகாரி இதை முன்மாதிரிக் கூட்டுறவு என்று பேசினார். கைதட்டினார்கள். நான் வெளியே வந்துவிட்டேன். வெளியே வந்து பேச ஆளில்லை. நீ போன பிறகு என் கோபத்துக்கு எதிரே உட்கார ஒருவரும் இல்லை மாப்ள. அது என்னைவிட்டுப் போகவும் இல்லை, எந்த வேலைக்கும் ஆகவும் இல்லை.

இன்று ஞாயிறு. முதல் புத்தகத்தை எடுத்துக்கொண்டு நானே மேலே போனேன். உன் இடத்துக்கு வந்திருக்கும் மலையாளத்துக்காரர் முதல் சீட்டை எழுதினார். நாற்பது வயதுப் பெண், குளிர்காய்ச்சல். செல்லையா ஒரு பக்கத்துப் பலகையைக் கழற்றிப் பாய் விரித்திருந்தார். அவள் ஏறினாள். பாயைத் தாண்டிப் போய் எதிர்ப்பலகை மூலையில் உட்கார்ந்தாள். கூடையை மடியில் வைத்தாள். முந்தானையிலிருந்து வெற்றிலையை எடுத்தாள்.

"படுங்கக்கா, சீட்டு இருக்கு" என்றேன்.

"ஒங்க சீட்ட நீங்களே வச்சுக்கங்க தம்பி. படுத்தா எறக்கி விட்டுருவாக."

"எறக்க மாட்டாக. ரெண்டு சர்க்காரும் சம்மதிச்சிருக்கு."

"எந்த ரெண்டு?" என்றாள். நான் நீட்டிய சீட்டின் மேலே எந்த முத்திரையும் இல்லை.

மேல் சாவடிக் காவலர் சீட்டை வாங்கி இரண்டு பக்கமும் படித்தார். காலிப் பாயைப் பார்த்தார். "நோயாளி எவிடே?" என்றார். கையைக் காட்டினேன். "படுக்கட்டே, படுக்கட்டே" என்று அவர் சொல்லச் சொல்ல, அவள் கண்ணை இன்னும் அகலமாகத் திறந்து, "எனக்கு ஒண்ணுமில்ல சாமி, நல்லாருக்கேன்" என்றாள். கீழ்ச் சாவடியிலும் அதேதான். சீட்டு செல்லுபடியானது. அவள்தான் அதை நம்பவில்லை.

நீயாக இருந்தால் ஒரு கேலிப் பேச்சில் அவளைப் பாயில் படுக்கவைத்திருப்பாய். எனக்கு அந்த நாக்கு இல்லை. சட்டம் பேசத் தெரிகிறது, கத்தத் தெரிகிறது. பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன். அடுத்த ஞாயிறும் போவேன், அதற்கடுத்ததும் போவேன். எத்தனை பேருக்குப் பிறகு ஒருத்தி படுப்பாள் என்று தெரியவில்லை.

கீழ்ச் சாவடி தாண்டி மூன்றாவது வளைவில் அவள் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனாள். தலை என் தோளில் சாய்ந்தது. பாயில் கிடத்தலாம் என்று கை நீட்டினேன். அசைந்தால் விழித்துக்கொண்டு மறுபடி நிமிர்ந்துவிடுவாளோ என்று பயந்து விட்டுவிட்டேன். கம்பம் ஆஸ்பத்திரி வாசல்வரை ஆடாமல் வந்தேன், அவள் காய்ச்சலின் சூடு என் சட்டை வழியாக இறங்கிக்கொண்டிருந்தது. அவளை உள்ளே சேர்த்துவிட்டு அறைக்கு வந்து நேரமாகிறது. இன்னும் அந்தத் தோளைத் தாழ்த்த வரவில்லை மாப்ள.