நீலக் கயிறு போட்ட நாற்காலி

அன்புள்ள அப்பாவுக்கு,

மூட்டுவலி தேவலையா? நம் மேயோவில் மழை விட்டதா? அடுப்பெரிக்கச் சதுப்பு நிலத்தில் கரி வெட்டியாயிற்றா? இங்கே கார்க் நகரில், ஓட்டல் சமையலறையில் நான் நன்றாகவே இருக்கிறேன்.

ஞாயிறன்று நானும் ஓட்டல் தோழிகளும் கில்டாரா என்ற பழைய கிராமத்துக்குப் போனோம். இடிந்த மடாலயத்தையும் ஆற்றங்கரையையும் சுற்றிவிட்டு, காட்சிக்கு வைத்திருக்கும் கூரை வீட்டுக்குள் நுழைந்தால், அடுப்போரம் அம்மாவின் நாற்காலி! உளுத்துப்போனது, எரித்துவிட்டேன் என்று எழுதினீர்களே, அதேதான். இருக்கையைப் பின்னும்போது வைக்கோல் கயிறு தீர்ந்துபோய், கடைசிச் சுற்றுகளுக்கு நான் பொதி கட்டும் நீல நைலான் கயிற்றைப் போட்டேனே, அதுவும் அப்படியே இருக்கிறது.

உட்காரப் போனேன். காவலுக்கு இருந்த ஹனோரா அம்மாள் அதட்டினார்: “ஏம்மா, அது பாக்கறதுக்கு, உக்கார்றதுக்கு இல்ல! மேயோ பக்கத்துப் பெரியவர் ஒருத்தர் சும்மாவே குடுத்தாரு. ‘இதுல உக்கார இனி யாரும் வரப்போறதில்ல, தூக்கிட்டுப் போங்க’ன்னாராம்.”

சிரித்துக்கொண்டே வெளியே வந்துவிட்டேன். கவலைப்படாதீர்கள்.

என் கம்பளிக் காலுறைகளை மட்டும் அனுப்புங்கள், அவற்றையாவது யாருக்கும் கொடுக்காமல் இருந்தால். இங்கே தரை சில்லிடுகிறது. வேலைக்குக் கூப்பிடுகிறார்கள், முடிக்கிறேன்.

கிறிஸ்துமஸுக்கு வருவேன். நின்றுகொண்டே சாப்பிட்டுக்கொள்கிறேன்.

உங்கள் மகள்
டெர்வ்லா