படலையில் அடிக்கும் அடி

யூலை 14, திங்கள்

காலையிலிருந்து சோளகக் காற்று. மேசை முழுக்கப் புழுதி. கோப்புகளுக்கு மேல் கல் வைத்துவிட்டுத்தான் வேலை.

கலைவிழாவுக்கு இன்னும் பன்னிரண்டு நாள். விழாப் புத்தகத்தில் எங்கள் பிரதேச செயலக இசைக்குழுவுக்கும் ஒரு பக்கம். இசைக்கு எப்படி வந்தோம் என்று ஆளுக்கு நான்கு வரி எழுதித் தரவேண்டும். கலாசாரப் பகுதி அதிகாரி, எங்கள் சேரின் கட்டளை. எழுதிக் கொடுத்தவை:

கஜன் அண்ணை (கணக்குப் பகுதி, கிற்றார்): மாதா கோவில் பாடகர் குழு. சுவாமியார் கொடுத்த பழைய கிற்றார். அதில் நான்கு நரம்புதான்.
தர்ஷி அக்கா (காணிப் பகுதி, பாட்டு): ஐந்து வயதில் சங்கீத ரீச்சர் வீட்டுக்கே வந்தவவாம்.
சேர் (ஆர்மோனியம்): திருவிழா ஒலிபெருக்கி. அதன் கீழேயே நித்திரையாகிப் போய், வீட்டார் தேடித் திரிந்தது.
நான் (மரப்பெட்டி. மேலே உட்கார்ந்து கையால் தட்டுவது): பாடசாலை பாண்ட் குழுவில் சைட் ட்ரம்.

பொய். பாண்டில் எனக்குக் கொடி பிடிக்கத்தான் தந்தார்கள்.

தேநீர் நேரம் க. அண்ணை கேட்டார். "அச்சுவேலியிலை எந்தப் பக்கம் நீர்? கோயிலுக்கு முன்பக்கமோ, பின்பக்கமோ?"

"சந்தைக்குக் கிட்ட."

"சந்தைக்குக் கிட்ட ஆயிரம் வீடு இருக்கு, பிள்ளை."

சிரித்தேன். கோப்பையைக் கழுவ எழுந்து போனேன்.

யூலை 15, செவ்வாய்

தலையிடி. அம்மா கொத்தமல்லி அவித்துத் தந்தா.

புத்தகத்தில் எழுத முடியாதவை. இங்கே மட்டும்:

அப்பா செத்த வீடுகளுக்குப் பறைமேளம் அடிக்கிறவர்.
வீட்டில் தோலை வெயிலில் காயவைத்துத் தட்டிப் பார்ப்பார். அந்தச் சத்தத்தில்தான் நான் தவழ்ந்தேனாம்.
நான்கு வயதில் பிளாஸ்ரிக் வாளியில் இரண்டு ஈர்க்குக் கட்டு. வாய்ப்பாடு பாடமாக்கியதும் அந்த அடியில்தான். ஏழாம் வாய்ப்பாட்டுக்கு இன்றைக்கும் கால் தானாக ஆடும்.
மேளத்தைத் தொட அப்பா விட்டதேயில்லை. "உது உனக்கு வேண்டாம். நீ படி." படித்தேன். எங்கள் ஒழுங்கையில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள்.

போன வருடம் மேசையில் நான் விரலால் தட்டியதைச் சேர் கேட்டுவிட்டார். அப்படித்தான் குழுவில் சேர்ந்தது. வீட்டுக்கு இன்னும் தெரியாது, வேலை பிந்துகிறது என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

எங்கள் பாட்டின் தொடக்கம் என்னுடைய தட்டு. மூன்று, மூன்று, ஒரு இடைவெளி, பிறகு தனியாக ஒன்று. "எங்கை பிடிச்சனீர் இதை?" என்று சேர் கேட்டபோது "சும்மா வந்தது சேர்" என்றேன். சும்மா வரவில்லை. பாடை வீட்டுப் படலையைத் தாண்டி வீதியில் இறங்கும்போது அப்பா அடிக்கிற அடி அது. கொஞ்சம் வேகமாக்கினேன். அவ்வளவுதான்.

யூலை 16, புதன்

பயிற்சி நடக்கவில்லை. பத்து மணிக்குத் தர்ஷி அக்காவுக்கு அழைப்பு. சண்டிலிப்பாயில் அவவுடைய பெரியப்பா மோசம் போய்விட்டார். எண்பத்தாறு வயது. அக்கா அழுதுகொண்டே மேசையைப் பூட்டிவிட்டுப் போனா.

நாளைக்கு இரண்டு மணிக்குப் பாடை எடுக்கிறார்கள். அலுவலகத்திலிருந்து வான் போகிறது. சேர் பெயர் எழுதும்போது என்னைக் கேட்கவேயில்லை, எழுதிவிட்டார்.

வீட்டுக்கு வந்தால் அப்பா மேளத்துக் கயிற்றை இறுக்கிக்கொண்டு இருக்கிறார். "நாளைக்குச் சண்டிலிப்பாய். அந்தப் பக்கத்து மேளகார ஆக்கள் கனடாவுக்குப் போட்டினம். இப்ப எங்களைத்தான் கூப்பிடுகினம்."

அம்மாவிடம் குசினியில் சொன்னேன். பாட்டு, மரப்பெட்டி, வான், எல்லாம்.

"காய்ச்சல் எண்டு சொல்லு. போகாதை."

"போகாட்டிலும் அவை அந்த அடியைக் கேப்பினம், அம்மா. சேருக்குக் காது பாம்புக் காது. எங்கடை பாட்டு எண்டு உடனை பிடிச்சிடுவார். பிறகு என்னைத்தான் கேப்பார்."

அப்பா வாசலில் நின்றிருக்கிறார். எவ்வளவு கேட்டார் என்று தெரியவில்லை. "எந்த அடி?" என்றார்.

குசினி மேசையில் தட்டிக் காட்டினேன். மூன்று, மூன்று, இடைவெளி, ஒன்று.

அப்பா முதலில் சொன்னது: "கடைசி அடியை அவசரப்பட்டு விடுறாய்."

பிறகுதான் முகம் மாறியது.

"அப்பா, நாளைக்கு மட்டும் அதை விட்டிட்டு வேறை ஏதும்..."

"செத்த மனுசனுக்குக் குறைச்சு அடிக்கிறேல்லை."

மேளத்தை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போய்விட்டார். நான் கேட்டிருக்கக்கூடாது. கேட்டுவிட்டேன்.

யூலை 17, வியாழன்

எழுத முடிகிறதா பார்க்கிறேன்.

வானில் சேருக்குப் பக்கத்து இருக்கை. பந்தல், வாழை, வீதி வரை கதிரைகள். மேளச் சத்தம் வீதி முடக்கிலேயே கேட்டது. அப்பா, சித்தப்பா, இன்னும் ஒருவர், மூவரும் படலைக்கு வெளியே வேப்பமரத்தடியில். சித்தப்பா என்னைக் கண்டதும் நிலத்தைப் பார்த்தார். அப்பா பார்க்கவேயில்லை.

உள்ளே த. அக்கா என்னைக் கட்டிப்பிடித்து அழுதா. நானும் அழுதேன். எதற்கென்று எனக்குத்தான் தெரியும்.

அவவுடைய மாமி தட்டை நீட்டினா. வந்தவர்களுக்குக் கண்ணாடிக் கிளாஸ். இந்தத் தட்டில் மூன்று கடதாசிக் கப். "பிள்ளை, கை சும்மாதானே? இதை வெளியாலை மேளகாரருக்கு வைச்சிட்டு வாங்கோ. கையிலை குடுக்காதேங்கோ, மதிலிலை வையுங்கோ. எடுப்பினம்."

நடந்தேன். தேநீர் தளம்பித் தட்டில் ஊற்றுப்பட்டது. மதிலில் வைக்காமல் கையில் கொடுக்கலாம் என்று நினைத்தேன். பின்னால் சேர் நின்றார். மதிலில் வைத்தேன்.

அப்பா சொன்னார்: "வைச்சிட்டுப் போங்கோ பிள்ளை. நாங்கள் எடுக்கிறம்."

போங்கோ. பிறந்த நாளிலிருந்து என்னை "நீ" என்றுதான் கூப்பிடுகிறவர்.

இரண்டு மணி. பாடையைத் தூக்கினார்கள். பெண்கள் படலை வரை ஓடினார்கள், நானும். சேர் இரண்டு முழம் தள்ளி. அந்த இடம் வந்தது.

அப்பா அதை அடிக்கவில்லை.

சாதாரண நடை அடியையே இழுத்துக்கொண்டு போனார். சித்தப்பாவின் கை ஒருமுறை தடுமாறியது, அவர் அந்த அடிக்குத் தயாராக இருந்திருக்கிறார். த. அக்காவின் சித்தப்பா பாடைக்குப் பக்கத்திலிருந்து திரும்பிக் கத்தினார். "என்னடா, படலையடியிலை அடிக்கிற அடி எங்கை? அண்ணையை என்ன, நாயை எடுத்துக்கொண்டு போற மாதிரியே கொண்டுபோறது? தொழில் தெரியாட்டி ஏன்ரா வந்தனீங்கள்?"

அப்பாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. "பிழைதான் ஐயா" என்றார். எல்லோருக்கும் கேட்டது.

ஒருவருக்கும் என்னைப் பற்றி ஒன்றும் தெரியாமல் போய்விட்டது. அதைத்தானே நான் கேட்டேன்.

வீட்டில் அப்பா குளித்துவிட்டுச் சோறு சாப்பிட்டார். நான் பக்கத்தில் போய் இருந்தேன். "நாளைக்கு வேலை இருக்கெல்லே? போய்ப் படு" என்றார்.

யூலை 18, வெள்ளி

காற்று இன்றும் நிற்கவில்லை. த. அக்கா லீவு. மூன்று மணிக்குச் சேரின் அறையில் பயிற்சி. நான், க. அண்ணை, சேர்.

கிற்றாருக்குச் சுருதி சேர்த்துக்கொண்டே க. அண்ணை: "நேற்று அந்த மேளகாரருக்கு நல்ல பேச்சு. பாவம், அடி மறந்துபோச்சுதாக்கும்."

சேர்: "மறதி இல்லையடாப்பா, தண்ணியாயிருக்கும். அவங்களுக்கு இப்ப என்ன தெரியும்? நாலு தட்டுத் தட்டினால் சரி."

"அவர் குடிக்கிறேல்லை" என்றேன்.

என் குரல் என்றே தெரியவில்லை. இருவரும் திரும்பினார்கள்.

"என்ன?"

"அவருக்கு மறக்கேல்லை சேர். தெரிஞ்சுதான் விட்டவர். விட்ட அடி இதுதான்."

பெட்டியில் அடித்தேன். அப்பாவின் வேகத்தில். மூன்று, மூன்று, இடைவெளியை முழுதாக விட்டு, பிறகு ஒன்று.

க. அண்ணையின் கை கிற்றாரில் அப்படியே நின்றது. "உது எங்கடை பாட்டெல்லோ?"

"என்ரை அப்பா அவர்" என்றேன். "எனக்குப் பாண்ட் ஒண்டும் இல்லை, சேர். அவரிட்டைக் கேட்டுத்தான் வந்தது எல்லாம்."

மின்விசிறிச் சத்தம். வெளியே யாரோ முத்திரை குத்துகிற சத்தம். க. அண்ணை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

சேர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். வெளியே கேட்கக்கூடாது என்றா, தான் நன்றாகக் கேட்கவேண்டும் என்றா, அவருடைய முகத்தில் தெரியவில்லை.

திரும்பி வந்து இருந்தார். "இன்னொருக்கா அடியும்" என்றார்.

அடித்தேன்.

திங்கட்கிழமை த. அக்கா வேலைக்கு வாறா. அவவுக்கும் நான்தான் சொல்லவேண்டும்.